வர்த்தகத் துறையிற் பிரதி அமைச்சர்

பாலாவி என்னும் பெயரைக் கேட்டவுடன் சைவ மக்களின் உள்ளத்தில் முதற்கண் எழுவது, தேவாரத்திற் பாடப்பெற்ற திருக்கேதீச்சரத்துத் தீர்த்தமேயாகும். ஈண்டுப் பேசப்படுவது அப்பாலாவியன்று. புத்தளம் நகருக்குத் தெற்கே, கொழும்பு வீதியினின்று கற்பிட்டி வீதி பிரிந்து செல்லுஞ் சந்தியில் அமைந்த ஊர் இது. வாவி நீரைப் பாத்திகளில் தேக்கி வெயிலிற் காயவிடும் உப்பளங்கள் ஒருபுறம். உயர்ந்த புகைபோக்கியோடு நிற்கும் சீமெந்துத் தொழிற்சாலை மற்றொருபுறம். வடக்கே அருவக்காட்டுக் கற்குழிகளினின்று சுண்ணாம்புக்கல் ஏற்றிவரும் புகையிரதம் இவற்றோடு சேரும். ஊர் சிறிதாயினும் அங்கு விளையும் இரு பொருள்களும் இலங்கையின் எல்லா வீடுகளுக்கும் வேண்டியவை. ஒன்று அடுப்படிக்கு வேண்டும். மற்றொன்று சுவருக்கு வேண்டும்.

இவ்விரண்டின் விலையும், இறக்குமதியும், அவற்றை ஆக்கும் நிறுவனங்களின் உடைமையும் பாலாவியில் தீர்மானிக்கப்படுவனவல்ல. கொழும்பில், அமைச்சு ஒன்றின் கோவைகளிலேயே அவை தீர்மானிக்கப்படுகின்றன. அமைச்சின் தலைவர் ஊருக்கு வருதல் அரிது. வருபவர் பெரும்பாலும் அவருக்கு அடுத்த நிலையில் உள்ளவராகிய பிரதி அமைச்சரே. மாலை அணிவித்து வரவேற்ற பின்னர் மக்கள் தம் மனுவை அவர் கையில் கொடுக்கின்றனர். ஆவன செய்யப்படும் என்று அவரும் கூறிச் செல்கின்றார். அம்மனு சென்று சேருமிடம் எது, அதன்மீது ஆணை பிறப்பிக்க அவருக்கு உண்மையில் அதிகாரம் உண்டோ என்னும் வினாக்களைக் கேட்பார் சிலரே. அவ்வினாக்களுக்கு விடை காண்டற்கு இப்பதவி தோன்றிய வரலாற்றையும், சட்டம் அதற்கு வகுத்த எல்லையையும் அறிதல் வேண்டும்.

திருக்குறளின் அறுபத்து நான்காம் அதிகாரம் அமைச்சு என்பது. அமைச்சனின் சூழ்ச்சித்திறன், சொல்வன்மை, வினைத்தூய்மை ஆகியவற்றை வள்ளுவர் தனித்தனி அதிகாரங்களில் வகுத்துரைத்தார். தூதனுக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். அமைச்சனுக்குத் துணையமைச்சன் என ஒருவன் அந்நூலில் இல்லை. அரசன் ஒருவனிடத்தே அதிகாரம் குவிந்திருந்த காலத்தில் அத்தகைய பதவிக்குத் தேவை நேரவில்லை. அமைச்சர் என்பவர் மக்கள் மன்றத்திற்கு விடை கூறக் கடமைப்பட்டவர் என்ற கொள்கை நிலைபெற்ற பின்னரே, அவருக்குப் பதிலாக எழுந்து நின்று விடை கூற இன்னொருவர் வேண்டியவராயினார்.

இத்தேவை தெளிவாகப் புலப்பட்ட இடம் பிரித்தானியாவின் வர்த்தகச் சபையாகும். சபை எனப் பெயர் பெற்றிருந்தும் அது கூடுவதேயில்லை எனலாம். அதன் தலைவர் என்பவர் வர்த்தக அமைச்சரே. உபதலைவர் என்பவர் அவருக்கு அடுத்தவர். 1841 இல் ரொபேட் பீல் பிரதமரானபோது, வில்லியம் கிளாட்ஸ்தன் என்னும் முப்பத்தொரு வயதினரை அவ்வுபதலைவர் பதவிக்கு நியமித்தார். கிளாட்ஸ்தன் எதிர்பார்த்திருந்தது அயர்லாந்தின் ஆட்சிப் பொறுப்பை. மனிதரை ஆளும் கலையிற் பயிற்சி பெற விரும்பிய தம்மைப் பொதிமூட்டைகளை ஆளவிட்டனரே என அவர் மனம் நொந்தார். எனினும் தலைவராகிய ரிப்பன் பிரபு பிரபுக்கள் சபையைச் சேர்ந்தவராதலால், பொதுமக்கள் சபையில் வர்த்தகம் பற்றிய வினாக்களுக்கெல்லாம் விடையிறுக்கும் பொறுப்பு அவ்விளைஞர் மீது வீழ்ந்தது. 1842 ஆம் ஆண்டின் சுங்கவரித் திருத்தத்தில் ஏறத்தாழ 750 பொருள்களின் வரி குறைக்கப்பட்டது. ஒவ்வொரு பொருளாக எடுத்து, அதனை ஆக்குவோர் யார், கொணர்வோர் யார், வரி குறைந்தால் வாடுவோர் யார் என ஆராய்ந்து சபையில் எடுத்துரைத்தவர் கிளாட்ஸ்தனே. 1843 இல் அவர் அச்சபையின் தலைவராகி மந்திரிசபையிற் புகுந்தார். நான்குமுறை பிரதமராயிருந்த அவருடைய நிதித்துறைப் புலமைக்கு வித்திட்டது அவர் வெறுத்து ஏற்ற அச்சிறு பதவியே. மந்திரிசபையில் இடம் இல்லாத ஒருவர் பொருள்களின் விவரம் அனைத்தையும் கற்றறிந்தமையால், அத்துறையிற் பலரும் நாடும் அறிவுடையவரானார்.

உபதலைவர் பதவி 1867 இல் ஒழிக்கப்பட்டு, பாராளுமன்றக் காரியதரிசி என்ற பதவி அதற்குப் பதிலாக ஏற்படுத்தப்பட்டது. பிற்காலத்திற் பிரதமராய் விளங்கிய பொனார் லோ 1902 முதல் 1905 வரை வகித்தது இப்பதவியையே. இப்பெயரே இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. ஆயினும் உடனே வரவில்லை.

1931 இல் நடைமுறைக்கு வந்த டொனமூர் அரசியல் யாப்பு மந்திரிமாருக்குத் துணைவரை வகுக்கவில்லை. சட்டசபை அங்கத்தவர் அனைவரும் ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தெரிவு செய்தது, அவரே மந்திரி. தொழில், கைத்தொழில், வர்த்தகம் மூன்றும் ஒரே குழுவின் பொறுப்பாயிருந்தன. அக்குழுவின் முதல் மந்திரி, அட்டன் தொகுதியிற் போட்டியின்றித் தெரிவான பெரி சுந்தரம் என்னும் தமிழர். 1936 இல் அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்த கிளோட் கொரயா சிலாபத்தின் பிரதிநிதி. பாலாவி அடங்கிய புத்தள மாவட்டத்தின் தென்பகுதியே சிலாபம் என்பது குறிப்பிடத்தக்கது. 1946 வரை அவர் அப்பொறுப்பை வகித்தார்.

டொனமூர் முறையில் அதிகாரம் மந்திரி ஒருவரிடம் இருக்கவில்லை. குழு முழுவதிடமும் இருந்தது. இலாகாவின் கோவைகள் குழுவின் முன் வந்தன. ஒரு தொகுதியின் அங்கத்தவர் தம் ஊர் உப்பளத்தைப் பற்றியோ, மீன்வாடியைப் பற்றியோ பேச விரும்பினால், குழுவில் இருக்கும்பட்சத்தில் அங்கேயே தீர்மானத்திற் பங்கு கொள்ளலாம். இம்முறையிற் குறைகள் மிகப் பல. பொறுப்பு எவருடையது என்று அறிய இயலாமை அவற்றுள் தலையாயது. ஆயினும் இன்று பிரதி அமைச்சர் செய்ய வேண்டுமென மக்கள் எதிர்பார்க்கும் வேலையின் பெரும்பகுதியை, அன்று குழுவின் ஒவ்வோர் அங்கத்தவரும் அதிகாரத்தோடு செய்ய முடிந்தது என்பதை மறுத்தல் அரிது. அம்முறையைப் பழித்தோர் இதனைப் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1947 இல் சோல்பரி யாப்பின்கீழ் மந்திரிசபை முறை வந்தது. அமைச்சர்க்கு அவர்தம் பாராளுமன்றக் கடமைகளிலும் இலாகாக் கடமைகளிலும் துணைபுரிவதற்குப் பாராளுமன்றக் காரியதரிசிகளை மகாதேசாதிபதி நியமிக்கலாம் என்றும், அவர்களின் தொகை அமைச்சர்களின் தொகையை மிகுதல் கூடாது என்றும் அந்த யாப்பு விதித்தது. வர்த்தகமும் கைத்தொழிலும் அப்பொழுது வெவ்வேறு அமைச்சுகளாயின. வர்த்தகத்திற்கு முதல் அமைச்சராக வவுனியாவின் பிரதிநிதி செ. சுந்தரலிங்கம் அமர்ந்தார். கைத்தொழிலும் மீன்பிடியும் 1948 இல் ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் பொறுப்பில் வந்தன. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் இயங்கத் தொடங்கியது அவர் காலத்தில் நிகழ்ந்தது. இலங்கையின் இரண்டாவது பெருஞ் சீமெந்துத் தொழிற்சாலையாகிய பாலாவித் தொழிற்சாலை அதற்கு இளையது.

இரண்டு அவைகள் இருந்த அக்காலத்திற் பாராளுமன்றக் காரியதரிசியின் இன்றியமையாமை எளிதில் விளங்கிற்று. அமைச்சர் மூதவையில் இருப்பாராயின், பிரதிநிதிகள் சபையில் அவர் சார்பிற் பேச ஒருவர் வேண்டும். 1960 இல் சிறிமாவோ பண்டாரநாயக்கா மூதவை அங்கத்தவராயிருந்து பிரதமரானபோது, பாதுகாப்பு, வெளிவிவகாரம் ஆகியன பற்றிப் பிரதிநிதிகள் சபையில் அவருக்காகப் பேசியவர் பாராளுமன்றக் காரியதரிசியான பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கா. 1971 இல் மூதவை ஒழிக்கப்பட்டது. இப்பதவிக்கு இருந்த காரணங்களுள் மிகத் தெளிவானது அதனோடு மறைந்தது, பதவியோ மறையவில்லை. 1972 ஆம் ஆண்டின் குடியரசு யாப்பு அதற்குப் பிரதி அமைச்சர் எனப் புதுப்பெயர் தந்தது.

காரியதரிசி என்ற பெயர் துணைவன் என்பதை ஒளிவின்றிச் சொல்லிற்று. பிரதி அமைச்சர் என்னும் பெயரோ அமைச்சரின் மறுபடிவம் என்னும் மயக்கத்தைத் தருவது. கிராமத்து மக்கள் ‘அமைச்சர்’ என்றே அழைக்கின்றனர், அவரும் திருத்துவதில்லை.

1978 ஆம் ஆண்டின் யாப்பு மூன்று படிகளை வகுத்தது. மந்திரிசபை அமைச்சர் முதலாவது படி. மந்திரிசபையைச் சாராத அமைச்சர் இரண்டாவது படி. இராஜாங்க அமைச்சர் எனப் பெரும்பாலும் வழங்கப்பட்டவர் இவரே. பிரதி அமைச்சர் மூன்றாவது படி. மந்திரிசபை அமைச்சர் தமக்குரிய விடயங்களில் அல்லது சட்டம் தமக்களித்த அதிகாரங்களில் எதனையும், வர்த்தமானியில் அறிவித்தல் வெளியிட்டுத் தம் பிரதி அமைச்சருக்குக் கையளிக்கலாம் என்பது யாப்பின் ஏற்பாடு. அங்ஙனங் கையளித்த பின்னர், மூலச் சட்டம் ‘அமைச்சர்’ என்று மட்டும் கூறியிருப்பினும், பிரதி அமைச்சர் அவ்வதிகாரத்தைச் செலுத்துவது செல்லுபடியாகும்.

இவ்வேற்பாடு பார்வைக்குச் சிறிது. ஆயினும் இப்பதவியின் உயிர்நிலை இதிலேயே உள்ளது. வர்த்தமானி அறிவித்தல் இல்லையேல் பிரதி அமைச்சருக்குச் சட்டப்படி சொந்த அதிகாரம் எதுவும் இல்லை. சட்டம் ஒருவர்க்களித்த அதிகாரத்தை அவரே செலுத்த வேண்டும். மற்றவர் செலுத்துவதற்குச் சட்டமே இடமளித்திருத்தல் வேண்டும் என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் நெறி. ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். 1969 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் எப்பொருளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதை ஒழுங்குவிதியால் வகுப்பவர் அமைச்சர். பத்திரத்தை வழங்குபவர் கட்டுப்பாட்டாளர். இவ்விருவர் நடுவே பிரதி அமைச்சருக்கு எவ்விடமும் சட்டத்தில் இல்லை. உப்பை இறக்குமதி செய்யலாகாது என்று பாலாவி மேடையில் அவர் உறுதி கூறலாம். அவ்வுறுதி நல்லெண்ணத்திற்குச் சான்றாகுமேயன்றிச் சட்டமாகாது.

இனி அமைச்சின் செயலாளரை நோக்குதல் தகும். யாப்பின் ஐம்பத்திரண்டாம் உறுப்புரையின்படி அவர் தம் அமைச்சரின் பணிப்புக்கும் கட்டுப்பாட்டுக்கும் அமைந்தே இலாகாக்களை மேற்பார்வை செய்கின்றார். அமைச்சர் என்ற இடத்திற் பிரதி அமைச்சரை உறுப்புரை குறிப்பிடவில்லை. ஆகவே கோவையொன்று கீழிருந்து மேலே செல்லும்போது இலாகாத் தலைவரிடமிருந்து செயலாளருக்கும், செயலாளரிடமிருந்து அமைச்சருக்கும் செல்கின்றது. பிரதி அமைச்சரின் மேசை அவ்வழியில் இருக்க வேண்டியதில்லை. அமைச்சர் விரும்பினால் இருக்கும், விரும்பாவிடின் இராது. பெயர்ப்பலகையும் வாகனமும் பாதுகாவலரும் உடைய ஒருவர், கோவை ஒன்றும் வாராத அறையில் ஐந்தாண்டு அமர்ந்திருத்தல் இயலும் என்பது வியப்பாகத் தோன்றலாம். இவ்வமைப்பில் அது குற்றமுமன்று, விதிமீறலுமன்று.

அவ்வாறாயின் அவர் செய்யும் வேலைதான் யாது? பாராளுமன்றத்தில் அமைச்சர் இல்லாதபோது வாய்மூல வினாக்களுக்கு விடை கூறுதல், மசோதாவின் குழுநிலையில் வாசகந்தோறும் எழும் தடைகளுக்குப் பதிலிறுத்தல், வரவுசெலவுத்திட்ட விவாதத்தில் தம் அமைச்சின் செலவினத் தலைப்பு எடுத்துக்கொள்ளப்படும் நாளிற் சபையில் இருந்து குறிப்பெடுத்தல் என்பன முதல்வகை வேலைகள். இவற்றுள் வரவுசெலவு நாளே பாலாவி போன்ற ஊர்களுக்கு மிகவும் பயன்தரக்கூடியது. முற்காலத்தில் எதிர்க்கட்சியினர் ஓர் அமைச்சின் பணத்தொகையைப் பத்து ரூபாவினாற் குறைத்தல் வேண்டுமெனப் பிரேரணை கொணர்வர். பத்து ரூபாவைக் குறைத்தல் அவர்தம் நோக்கமன்று. அதனைச் சாட்டாக வைத்து அமைச்சின் குறை முழுவதையும் எடுத்துரைத்தலே நோக்கம். பேசுவோர் பலராவர், அமைச்சர் எல்லார்க்கும் விடை கூற நேரம் போதாது. சிறு தொகுதிகளின் சிறு முறைப்பாடுகள் பிரதி அமைச்சரின் பங்குக்கு வருகின்றன. அவை ஹன்சாட் அறிக்கையில் அச்சேறுகின்றன. அங்ஙனம் அச்சேறிய வாக்குறுதியை அடுத்த ஆண்டில் எடுத்துக் காட்டலாம். மேடையிற் கூறியதை அவ்வாறு எடுத்துக் காட்டுதல் இயலாது.

வியாபாரிகள், உற்பத்தியாளர், தொழிலாளர் ஆகியோரின் தூதுக்குழுக்களைச் சந்தித்தல் இரண்டாம் வகை வேலை. வர்த்தகத்துறையில் இஃது ஏனைய துறைகளினும் கடினமானது. சுகாதாரத்துறையில் மருத்துவமனை வேண்டுமென்போர் உளர், வேண்டாமென்போர் அரியர். வர்த்தகத்துறையிலோ ஒரே நாளில் வரும் இரு தூதுக்குழுக்கள் ஒன்றற்கொன்று நேர்மாறானதைக் கேட்கும். உப்பளக்காரர் இறக்குமதியை நிறுத்தக் கேட்பர். ஊறுகாயும் கருவாடும் பதனிடுவோர் இறக்குமதியைத் திறக்கக் கேட்பர். சீமெந்து உற்பத்தியாளர் தீர்வையை உயர்த்தக் கேட்பர். வீடு கட்டுவோர் குறைக்கக் கேட்பர். இருசாராரும் பொய்யுரைப்பவரல்லர். கேட்டவற்றை ஒழுங்காகக் குறித்து, கணக்கிட்டு, அமைச்சரின் முன் வைப்பவரே பயனுள்ள பிரதி அமைச்சர். கிளாட்ஸ்தன் அன்று செய்ததும் இதுவே.

மந்திரிசபைக் கூட்டத்தில் அவருக்கு இருக்கை இல்லை. எனினும் அங்கே எடுக்கப்பட்ட முடிவை வெளியில் நின்று ஆதரித்துப் பேசக் கடமைப்பட்டவர். எதிர்க்க விரும்பினால் பதவியை விடுதல் மரபு. தாம் பங்குகொள்ளாத முடிவுக்குத் தாமே விடைகூறல் என்னும் இந்நிலையைப் போலக் கடினமானது அரசியலில் அரிது.

அயல்நாடாகிய இந்தியாவில் இப்பதவியின் உருவம் சிறிது வேறு. அங்கே மத்திய அரசில் மந்திரிசபை அமைச்சர், இராஜாங்க அமைச்சர், துணை அமைச்சர் என மூவகையினர் உளர். இராஜாங்க அமைச்சர் சிலருக்குத் தனிப்பொறுப்பு அளிக்கப்படும். அவருக்கு மேல் அத்துறையில் வேறு அமைச்சர் இரார். சிவகங்கைத் தொகுதியின் ப. சிதம்பரம் 1991 ஜூனில் நரசிம்ம ராவ் அரசில் வர்த்தகத்திற்குத் தனிப்பொறுப்புடைய இராஜாங்க அமைச்சரானார். இந்தியா அந்நியச் செலாவணியின்றித் தத்தளித்த காலம் அது. ஜூலை 1 ஆம், 3 ஆம் நாள்களில் ரூபாவின் பெறுமதி குறைக்கப்பட்டது. அடுத்த நாளே ஏற்றுமதியாளர்க்குக் கொடுக்கப்பட்டு வந்த பண உதவியை ஒழித்து, ஏற்றுமதி செய்தவர் ஈட்டிய செலாவணியின் ஒரு பங்குக்கு இறக்குமதி செய்யும் உரிமைச்சீட்டை வழங்கும் புதிய வர்த்தகக் கொள்கையைச் சிதம்பரம் அறிவித்தார். அனுமதிப்பத்திர முறையின் இறுக்கம் அங்ஙனம் தளரத் தொடங்கிற்று. முழு அமைச்சர் என்னும் பெயர் அவருக்கில்லை. ஆயினும் கோவை அவரிடம் வந்தது, கையொப்பமும் அவருடையதாயிற்று. நிர்மலா சீதாராமன் 2014 முதல் 2017 வரை வர்த்தகம், கைத்தொழில் ஆகியவற்றுக்குத் தனிப்பொறுப்புடைய இராஜாங்க அமைச்சராயிருந்ததும் இவ்வகையானதே. இலங்கைப் பிரதி அமைச்சருக்கு அத்தகைய தனிப்பொறுப்பு இல்லை. இருவரையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கும் செய்தித்தாள்கள் இவ்வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

புத்தளத்துக்கும் இப்பதவி அயலானதன்று. புத்தளத்தின் பாராளுமன்ற உறுப்பினர் எம். எச். எம். நெய்னா மரிக்கார், ரொனி டி மெல் நிதியமைச்சராயிருந்த காலத்திற் பிரதி நிதியமைச்சராகக் கடமையாற்றினார். 1988 இல் டி மெல் விலகியபோது அப்பொறுப்பு முழுவதும் அவர் கைக்கு வந்தது. 1989 வரை நிதியமைச்சராக இருந்தார். வர்த்தகத்தின் சாவி பெரும்பாலும் நிதியமைச்சிலேயே இருக்கின்றது. சுங்கத்தீர்வை அங்கே தீர்மானிக்கப்படுவதாதலின். ஒரு சிறு நகரின் பிரதிநிதி, துணைவராயிருந்து தலைவரான இந்நிகழ்ச்சி இலங்கை அரசியலில் மிகுதியாகப் பேசப்படுவதில்லை.

அமைச்சர்களின் தொகை பற்றியும் சிறிது கூறல் வேண்டும். 1978 ஆம் ஆண்டின் யாப்பு தொடக்கத்தில் எல்லை எதுவும் விதிக்கவில்லை. கட்சிமாறியோரையும் கூட்டணிக்காரரையும் திருப்திப்படுத்தும் பொருட்டு ஓர் அமைச்சு பலவாக உடைக்கப்பட்டது. வர்த்தகம் ஓரிடத்திலும், வாணிபம் ஓரிடத்திலும், நுகர்வோர் நலன் வேறோரிடத்திலுமாகப் பெயர்ப்பலகைகள் மாறி மாறித் தொங்கின. வர்த்தகத்துக்கும் வாணிபத்துக்கும் உள்ள வேறுபாடு யாதென மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் அவர் நகைப்பார். 2015 இல் நிறைவேறிய பத்தொன்பதாம் திருத்தம் மந்திரிசபை அமைச்சர் முப்பதின்மருக்கும், ஏனைய அமைச்சரும் பிரதி அமைச்சரும் சேர்ந்து நாற்பதின்மருக்கும் மிகலாகாது என வரையறுத்தது. தேசிய அரசாங்கத்துக்கு மட்டும் விதிவிலக்கு வைத்தது. இந்தியாவில் 2003 ஆம் ஆண்டின் தொண்ணூற்றோராம் திருத்தம் மக்களவையின் தொகையிற் பதினைந்து வீதத்தை எல்லையாக வைத்தது. பிரித்தானியாவிற் பொதுமக்கள் சபையில் தொண்ணூற்றைவர்க்கு மேற்பட்ட அமைச்சர் இருத்தலாகாது. தொகையைக் குறைத்தல் செலவைக் குறைக்கலாம். எஞ்சியவருக்கு வேலை என்ன என்பதை அது தீர்மானிப்பதில்லை.

2024 நவம்பரில் அமைந்த அரசாங்கத்திற் கைத்தொழில், தொழில்முயற்சியாண்மை அபிவிருத்தி அமைச்சராகச் சுனில் ஹந்துன்னெத்தியும், அதன் பிரதி அமைச்சராகச் சதுரங்க அபேசிங்கவும் நியமிக்கப்பட்டனர். வர்த்தகமும் உணவுப் பாதுகாப்பும் கூட்டுறவும் வேறோர் அமைச்சுக்கு ஒதுக்கப்பட்டன. அவ்வரசாங்கம் பதவியேற்ற சில வாரங்களிலேயே உப்புப் பிரச்சினை எழுந்தது.

உப்பு விளையும் முறையை அறிந்தோர்க்கு அதன் காரணம் எளிதிற் புலப்படும். வாவி நீர் முதலிற் பெரும் பாத்திகளில் விடப்பட்டு வெயிலில் செறிவடைகின்றது. செறிந்த நீர் சிறு பாத்திகளுக்கு மாற்றப்பட்டு அங்கே உறைகின்றது. பல வாரங்களின் வெயில் வேண்டும். ஒருநாட் பெருமழை போதும், உறைந்தது கரைய. 2024 இன் இறுதியிற் பெய்த பெருமழையால் புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் உப்பு விளைச்சல் கெட்டது. மந்திரிசபை 30,000 மெட்ரிக் தொன் உப்பை அரச வர்த்தகக் கூட்டுத்தாபனத்தின் வாயிலாக இறக்குமதி செய்ய அனுமதித்தது. நாற்றிசையும் கடல் சூழ்ந்த தீவு உப்புக்கு அயலாரை நாடியது எனப் பலர் எள்ளினர். மழை மீண்டும் வந்தமையால் 2025 மே மாதத்திலும் கடைகளில் உப்புத் தட்டுப்பாடு நிலவியது.

இந்நிகழ்ச்சியில் யார் யாரிடம் என்ன இருந்தது என்பதைப் பிரித்து நோக்கினால் பிரதி அமைச்சரின் நிலை விளங்கும். உற்பத்தியைப் பெருக்குதல் கைத்தொழில் அமைச்சின் வேலை. கடையிற் பொருள் கிடைக்கச் செய்தலும் விலையும் வர்த்தக அமைச்சின் வேலை. இறக்குமதித் தீர்வை நிதியமைச்சின் வேலை. உப்பளத்துக்கு நிலமும் கரையோர அனுமதியும் வேறு இலாகாக்களின் வேலை. இறக்குமதி என்னும் இறுதி முடிவு மந்திரிசபையின் வேலை. இத்தனை வாயில்களில் எதற்கும் பிரதி அமைச்சர் ஒருவரிடம் திறவுகோல் இல்லை. ஆயினும் எல்லா வாயில்களிலும் நின்று கேட்கக்கூடியவர் அவர். மழை எத்தனை நாள் பெய்தது, பாத்திகளில் எவ்வளவு எஞ்சியது, இறக்குமதிக் கப்பல் வந்து சேரும் வாரத்திற் பாலாவியில் உப்பு வாரும் காலம் தொடங்குமா என்னும் விவரங்கள் மந்திரிசபைப் பத்திரத்தில் இடம்பெறுமாறு செய்தல் அவரால் இயலும். இறக்குமதி உப்பு, உள்ளூர் விளைச்சல் வெளிவரும் அதே வாரத்தில் வந்திறங்குமாயின் உற்பத்தியாளர் நட்டமடைவர். அடுத்த பருவத்திற் பாத்தி திருத்த முதலின்றி நிற்பர். அப்பொழுது தட்டுப்பாடு மீண்டும் வரும். ஒரு வாரத்தின் முன்பின் கணக்கில் அடங்கிய இச்செய்தி கொழும்பிலுள்ள செயலாளரின் மேசைக்குத் தானாக வந்து சேராது.

சீமெந்துத் தொழிற்சாலையின் வரலாறும் இத்தகையதே. 1957 ஆம் ஆண்டின் அரசாங்கக் கைத்தொழிற் கூட்டுத்தாபனச் சட்டம் கூட்டுத்தாபனங்களுக்குப் பொதுப் பணிப்புரை வழங்கும் அதிகாரத்தை அமைச்சருக்கு அளித்தது. பாலாவித் தொழிற்சாலை சீமெந்துக் கூட்டுத்தாபனத்தின் உடைமையாயிருந்தவரை, தூசு பற்றியோ வேலைவாய்ப்புப் பற்றியோ மக்கள் அமைச்சரிடம் முறையிடுதற்குச் சட்டப்பிடி ஒன்று இருந்தது. 1990 களில் அது தனியார் கைக்கு மாறிற்று. பின்னர் ஹொல்சிம் நிறுவனத்திடமும், 2016 இல் தாய்லாந்தின் சியாம் சிற்றி சீமெந்து நிறுவனத்திடமும் சென்றது. முறைப்பாடுகள் மாறவில்லை, அவற்றைக் கேட்க வேண்டியவர் மாறினார். பணிப்புரை வழங்கும் அதிகாரம் போனபின் எஞ்சியது சுற்றாடற் சட்டத்தின் அனுமதிப்பத்திரம், தீர்வை வீதம், கற்குழிக் குத்தகை என்பனவே. அவையும் வெவ்வேறு அமைச்சுகளில் உள்ளன. கைத்தொழிற் பிரதி அமைச்சரிடம் தொழிற்சாலைத் தூசு பற்றிய மனு கொடுக்கப்படுமாயின், அதனை மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு அனுப்புவதன்றி அவர் செய்யத்தக்கது அதிகமில்லை.

ஆகவே மனு எழுதுவோர் முதலில் மூன்று செய்திகளைத் தேடி அறிதல் பயனுடையது. கேட்கப்படும் காரியம் எச்சட்டத்தின்கீழ் வருவது என்பது ஒன்று. அச்சட்டத்தின் அதிகாரம் வர்த்தமானி மூலம் பிரதி அமைச்சருக்குக் கையளிக்கப்பட்டுள்ளதா என்பது மற்றொன்று. அமைச்சுகளுக்குரிய விடயங்களைக் குறித்து ஜனாதிபதி வெளியிடும் வர்த்தமானியையும் இதனோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும். ஆலோசனைக் குழு எப்பொழுது கூடுகின்றது என்பது மூன்றாவது. ஒவ்வோர் அமைச்சுக்கும் பாராளுமன்றத்தில் ஆலோசனைக் குழு உண்டு. அமைச்சர் அதற்குத் தலைமை தாங்குகின்றார். பிரதி அமைச்சர் அங்கத்தவர். செயலாளரும் இலாகாத் தலைவரும் அங்கே வந்து விடை கூற வேண்டியவர்கள். கோவை செல்லும் வழியில் இடமில்லாத பிரதி அமைச்சர், கோவையை எழுதியவரை நேரில் வினாவக்கூடிய இடம் அதுவே.

கையளிப்பு வர்த்தமானிகள் பெரும்பாலும் ஒருபக்க அளவினவாயினும், அவற்றைத் தேடிப் படிக்கும் வழக்கம் நம்மிடையே இல்லை. கொழும்பிலுள்ள அரசாங்க அச்சகத் திணைக்களத்திற் பிரதி பெறலாம். நூலகங்கள் சிலவற்றிலும் உண்டு. மும்மொழிகளிலும் வெளிவருவனவாதலின் தமிழிலும் படிக்கலாம். பாலாவியில் உப்பு வாருவோர் சங்கமொன்று அடுத்த மழைக்காலத்திற்கு முன் தன் மனுவை எழுத அமர்ந்தால், அவ்வொரு பக்கத்தை மேசைமீது வைத்துக்கொண்டு முதல் வரியை எழுதலாம். எவருக்கு முகவரியிடுவது என்பது அதிலிருந்தே தெரியவரும்.